சாம்பலே விழாத யூனிட்

கடலூர் மாவட்டத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே நம்பினார் என்றால், அன்றைக்குச் ‘சந்தேகம்’ ஊரில் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் அனல் மின் நிலையத்தில் நான் ஷிப்டு இன்ஜினீயர், சந்தேகம் சாம்பல் பிரிவு ஆப்பரேட்டர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். கிள்ளைக்காரர். பஸ்ஸில் ‘சிதம்பரம்’ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் கண்டக்டரைக் கேட்பார். கண்டக்டர் சொன்னதை டிரைவரிடம் சரிபார்ப்பார். கேன்டீனில் அவருடைய டீயை முதல் வாய் நான் குடித்துக் காட்ட வேண்டும்.

எரிந்த நிலக்கரியின் சாம்பல், புனல் போலத் தொங்கும் இரும்புத் தொட்டிகளில் விழும். தொட்டி நிரம்பி வழிந்தால் புகைபோக்கி ஊரெல்லாம் சாம்பல் தூவும். ஆகவே சந்தேகம் சுத்தியலால் தட்டுவார், வால்வைத் திறப்பார், காலியானதை நம்பாமல் மறுபடி தட்டுவார்.

இதற்குத்தான் ஆட்டோமேஷன் வந்தது. நிரம்பியதைச் சென்சார் சொல்லும், வால்வு தானே திறக்கும். சோதனை ஓட்டம் தேறிவிட்டால் சந்தேகத்துக்கு நிலக்கரி யார்டுக்கு மாறுதல்.

“மச்சான், தொட்டிக்குக் கண்ணு வச்சிட்டாங்களாம்” என்று சீண்டினார் ஃபிட்டர்.

“கண்ணு இருக்கிற நீயே பொய் சொல்ற. அது சொல்லாதா?”

சோதனை தொடங்கியது. கொதிகலன் முழு வேகத்தில் எரிகிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையிலோ எல்லாத் தொட்டியும் காலி! ஆட்டோமேஷன் கம்பெனி இன்ஜினீயர் சென்சாரை மாற்றினார். புதுசும் காலி என்றது. “கரி ரொம்ப உசத்தி, சாம்பலே விழல போல சார்” என்றார். எங்களுக்கு வரும் கரி எனக்குத் தெரியும். கல்லுக்கு நடுவே கொஞ்சம் கரி இருக்கும்.

ஓசைப்படாமல் கீழே இறங்கிப் போனேன். சென்சார் பார்ப்பதற்குள் தொட்டி தொட்டியாகக் கையாலேயே காலி செய்துகொண்டிருந்தார் சந்தேகம்.

“யோவ், மாறுதலை நிறுத்தத்தானே இந்த வேலை?”

“அது தொறக்கலன்னா தேவனாம்பட்டினத்துல காயப்போட்ட மீனு பூரா சாம்பலாப் பூடும் சார். அவுங்களுக்கு யாரு பதில் சொல்றது? கம்ப்யூட்டரா?”

கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றார், கண்ணையும் மூடிக்கொண்டு. தொட்டி நிரம்பியது. வால்வு தானே திறந்தது. அடுத்ததும் திறந்தது.

“இன்னிக்கு நீங்க பாக்குறீங்கன்னு தொறக்குது சார்” என்றார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை. ஷிப்டு முடிந்ததும் சுத்தியலைத் துடைத்து என் மேஜையில் வைத்தார். “யார்டுல இது வோணாம் சார்.”

புதிய முறைக்கான இயக்க விதிகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘தானியங்கியை நம்பாத ஆப்பரேட்டர் ஒருவர் சாம்பல் பிரிவில் இருத்தல் கட்டாயம்.’ மேலிடம் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டது.

அதைப் படித்தவர் சந்தேகம் ஒருவர்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். “இதுல என்னா சார் உள்குத்து?”

“ஒண்ணும் இல்லய்யா.”

நம்பவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் போன் செய்து அதையே கேட்கிறார். நானும் மழுப்பிக்கொண்டே இருக்கிறேன். சொல்லிவிட்டால் போன் நின்றுவிடும்.