எந்தப் பேட்டரி போட்டாலும் ஐம்பத்து நான்கு

மூக்கண்டப்பள்ளி,
வியாழக்கிழமை, காலை மணி 11.05

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆனந்த் அவர்களுக்கு,

மாமனார் அண்ணாதுரை எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மோகனப்ரியாவும் ஐந்து மாதப் பேத்தியும் நலம். புனேயில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாமல் இருப்பது லேப்டாப் பேட்டரி ஒன்றுதான். இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். "இன்னொரு வாட்டி பேட்டரிப் பேச்சை எடுத்தா போனைப் புடுங்கி வச்சுக்குவேன்பா" என்று உங்கள் மனைவி உத்தரவு போட்டிருப்பதால் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தை பிறந்து, இருந்த வேலையும் போய், பதினேழு கம்பெனிக்கு விண்ணப்பித்து, அவளுக்கு வந்திருக்கும் முதல் இன்டர்வியூ இது. பதினொரு மணிக்கு ஆரம்பித்துவிட்டது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கென்று பார்த்து எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை கரன்ட் கிடையாது, வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை, நெட்டுக்குப் போன் இருக்கிறது, ஆனால் லேப்டாப்பின் உயிர் முழுக்கப் பேட்டரியில்தான். அந்தப் பேட்டரியின் யோக்கியதை எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய பேட்டரி நாற்பது நிமிடத்தில் படுத்துக்கொண்டபோது, நீங்கள் போனில் சொல்லச் சொல்லக் கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டினேன் அல்லவா? பேட்டரிக்கு ஜாதகம் எழுதின மாதிரி ஒரு ரிப்போர்ட் வந்தது. செய்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்கள். கணக்குப் போட்டால் ஐம்பத்து நான்கு சதவீதம். கடையில் காட்ட வசதியாக அதைத் திரையின் முகப்பிலேயே வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஷேக் தாவூத் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முகப்பில் இருந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். ஐம்பத்து நான்கு. மறுநாள் காலை திறந்தேன். அதே ஐம்பத்து நான்கு.

முப்பத்தொரு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கம்பெனியில் கழித்த சரக்குக்குக் கட்டுவது போல லேப்டாப்புக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, கவரை உங்க கண்ணெதிர்லதானே கிழிச்சேன்? பாருங்க, நூறு காட்டுது" என்று தாவூத் தன் கருவியில் போட்டுக் காட்டினார். விற்கிறவர் கருவியை நம்பி நான் ஒருநாளும் சரக்கு எடுத்ததில்லை. முகம் கோணாமல் இரண்டாவது பேட்டரி போட்டார், ஐம்பத்து நான்கு. மூன்றாவது போட்டார், ஐம்பத்து நான்கு. இந்த ஊர்ச் சரக்கே சரியில்லை என்று எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். அங்கே சிவராஜ் என்று ஒருவர், "ஹொசது சார், ஹொசது" என்று கன்னடத்தில் புதுசு புதுசு என அடித்துச் சொல்லி நான்காவதை மாட்டினார். கடையிலேயே திறந்து பார்த்தேன். மாநிலம் மாறியும் ஐம்பத்து நான்கு மாறவில்லை. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தாவூத் போட்ட மூன்றாவதையே மாட்டிக்கொண்டு திரும்பினேன். வரும் வழியில் தாவூத் கடையில் இறங்கி, நாலு கஸ்டமர் நிற்கும்போதே, "பாய், நீங்களுமா இப்படி?" என்று கேட்டுவிட்டேன். அப்போதும் அவர் வழக்கம்போல எனக்கு டீ சொன்னார், நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அது இரண்டு நாளாக நெஞ்சில் உறுத்துகிறது, இருந்தாலும் ரிப்போர்ட் ரிப்போர்ட்தானே.

மோகனப்ரியா சிவப்பு அட்டையை அறுத்து எறிந்துவிட்டாள். "சார்ஜரைக் கழட்டிப் பாருப்பா, எவ்ளோ நேரம் நிக்குதுன்னு தெரிஞ்சிடும்" என்றாள். பலவீனமான பேட்டரியைப் பட்டினி போட்டுப் பார்ப்பார்களா? இந்த ஒரு வாரமாகச் சார்ஜரைக் கழற்ற நான் விடவில்லை. இன்டர்வியூவைத் தள்ளிப் போடச் சொன்னதற்கு, "நீ கொஞ்சம் கம்முனு இருக்கியாப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழையதும் ஐம்பத்து நான்கு, அது நாற்பது நிமிடம் நின்றது. இதுவும் நாற்பதுதான் நிற்கும். பத்தே முக்காலுக்கு லேப்டாப்பைப் போட்டாள், ஆகவே பதினொன்று இருபத்தைந்துக்குத் திரை இருட்டும். இப்போது மணி 11.24.

11.40. கதவு திறக்கவில்லை. உங்கள் அத்தை பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் காதை வைத்துக் கேட்டாள். "பேசிக்கிட்டுதாங்க இருக்கா" என்கிறாள். இருட்டுத் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது மாப்பிள்ளை. இந்த வேலை கைநழுவினால் அவள் மறுபடி நிமிர ஆறு மாதமாகும். கடிதம் கண்டதும் உங்கள் ஆபீஸ் லேப்டாப்போடு புறப்பட்டு வரவும். தாவூத் மீது எங்கே புகார் கொடுக்கலாம் என்றும் விசாரித்து வைக்கவும்.

உங்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் அன்பும் ஆசியும். புனே மழையில் நனையாதீர்கள்.

இப்படிக்கு,
அண்ணாதுரை

பின்குறிப்பு: 12.30. சற்றுமுன் வெளியே வந்தாள். எப்போது சேர முடியும் என்று கேட்டார்களாம். நாங்கள் மூவரும் அழுதோம், பேத்தி சிரித்தாள். பேட்டரியில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. எப்படி என்று ரிப்போர்ட்டைத் திறந்து காட்டினேன். "அப்பா, மேல தேதியைப் பாத்தியா? இது பழைய பேட்டரிக்கு எடுத்த ரிப்போர்ட்டு. தினமும் இதையேவா தொறந்து பாத்துக்கிட்டு இருந்த?" என்றாள். ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில் புதிதாகத் தட்டி எடுக்க வேண்டுமாம். தட்டினாள். தொண்ணூற்றொன்பது. நூற்றுக்கு ஒன்று குறைகிறதே என்று வாய் வரை வந்தது, உங்கள் அத்தை பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறார்கள். பதிவைக் கிழிப்பது எங்கள் தொழிலில் கிடையாது, தவறு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போடுவோம். மேலே உள்ள எல்லாப் பக்கங்களையும் அப்படியே அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளவும். சாயங்காலம் தாவூத் பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். ஒழுங்காகக் கேட்கிறேனா என்று பார்க்க உங்கள் அத்தையும் கூட வருகிறாள்.