காரம் தூக்கலாக ஒரு கம்பளம்

சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டால் எப்படி முறைப்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கம்பெனியில் சுவருக்குச் சுவர் 'சந்தேகமா? தயங்காமல் கேளுங்கள்' என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அவரைத் தினமும் துடைத்தவள் நான். துடைத்தேனே தவிர, யாரிடமும் எதையும் கேட்டதில்லை. (கேட்ட ஒருத்தியை, "இதுகூடத் தெரியாமத்தான் வேலைக்கு வந்தியா" என்று அந்தப் படத்துக்கு அடியிலேயே நிற்கவைத்துத் திட்டினார்கள். தொப்பிக்காரர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.)

நான் பிள்ளைப்பாக்கம் செல்வி. பத்தாவது பாஸ். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், ஏஜென்சி மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலை. எனக்குக் கூச்சம் என்று சொன்னால் கூச்சமே கோபித்துக்கொள்ளும். ஷேர் ஆட்டோவில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும்வரை போய்விட்டு, வெயிலில் திரும்பி நடந்து வருகிற ஆள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை யார் என்று கேட்காமல், அவருடைய அண்ணனுக்கு முதல் காபியை நீட்டியவள். (அந்த அண்ணனின் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.)

ஆபீஸ் கட்டடத்தில் இரண்டு விதமான கார்ப்பெட். கிளார்க்குகள் உட்காரும் இடத்தில் நைலான். மீட்டிங் ஹாலில் மட்டும் கம்பளி. பால் நிறத்தில், ஓரமெல்லாம் சிவப்புப் பூ. வெளிநாட்டிலிருந்து வந்ததாம். அதை மிதிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, தேய்க்க மட்டும் அனுமதி. எப்படி மிதிக்காமல் தேய்ப்பது என்பது எங்களுடைய பிரச்சினை.

கார்ப்பெட்டைச் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்தபிறகு, மெஷினில் அலசல் தண்ணீர் விட்டு உறிஞ்ச வேண்டும். அந்த அலசலுக்கு இரண்டு கேன்கள் உண்டு. ஒன்றில் அமிலம், இன்னொன்றில் காரம். இந்தக் கழுவுகிற மருந்துகளை விற்க வந்த பையன் இதை முழுக்க இங்கிலீஷிலேயே சொல்லிக்கொடுத்தான். எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எண்ணெய்க் கறை ஏறிய நைலானுக்குக் காரம் ஊற்றலாம், கம்பளிக்கு எப்போதும் அமிலம்தான். கம்பளியில் காரம் பட்டால் சாயம் போகும், வெள்ளை பழுப்பாகும்.

என்னோடு வேலை செய்யும் கஸ்தூரி அக்கா இதைச் சமையலாக்கிவிட்டார். அமிலக் கேனுக்கு வினிகர் வாடை, அதனால் அது 'புளி'. மற்றது 'காரம்'. மார்க்கர் வாங்கி ஒன்றில் 'பு' என்றும் மற்றதில் 'கா' என்றும் பெரிதாக எழுதினார். அன்றிலிருந்து ஆபீஸில் எல்லோருக்கும் அதுதான் பேர். அட்மின் பார்த்திபன் சார்கூட, "இன்னைக்குப் புளியா காரமா?" என்றுதான் கேட்பார். இன்ஜினியரிங் படித்தவர் வாயிலேயே வந்துவிட்டதால் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

அப்போதுதான் கொரியாவிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகச் சொன்னார்கள். கம்பெனியே தலைகீழானது. காய்ந்த செடிக்குப் பச்சை பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் பாக்கி. (அதையும் ஒருவர் யோசித்தார்.) அந்த வாரத்தில்தான் எங்கள் ஏஜென்சியின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். பெரியவர் வந்துபோகும்வரை ஒரு குறையும் வரக்கூடாது, வந்தால் மொத்தப் பேருக்கும் வேலை போகும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கஸ்தூரி அக்காவின் மகன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியவர் வருகிற அன்று காலையில் மீட்டிங் ஹாலில் சோப்பு அடித்து முடித்துவிட்டேன். 'பு' கேனைத் திறக்கும்போது போன் அடித்தது. பார்த்திபன் சார். யார் என்றுகூடக் கேட்காமல் ஒரே மூச்சில் பேசினார்.

"பெரியவருக்குக் காரம் நல்லா தூக்கலா இருக்கணும். புளிப்பு வாடையே வரக்கூடாது, அவருக்கு ஒத்துக்காது, போன தடவையே மூஞ்ச சுளிச்சாரு. சூடா இருக்கணும். எண்ணெய் கண்ணுலயே படக்கூடாது. கடைசியா கொத்தமல்லி. பன்னெண்டரைக்கு ரெடியா இருக்கணும், சரியா?"

நான் "ம்" என்றேன். வைத்துவிட்டார்.

கஸ்தூரி அக்காவிடம் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாது, கம்பளில காரமா? சாயம் பூடும்னு அந்தப் பையன் படிச்சிப் படிச்சி சொன்னான். திருப்பிப் போன் போட்டு கேளு."

"சார் பிசியா இருப்பாருக்கா."

"ஒரு வார்த்த கேக்க இன்னா நோவுது உனக்கு? அண்ணங்காரனுக்குக் காபி குடுத்தவதானே நீ."

நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக யோசித்தேன். (நான் யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதையே போதும்.) யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. புளிக் கேன் வினிகர் வாடை அடிக்கும், பெரியவருக்கு அந்த வாடை ஆகாது போல. எண்ணெய்க் கறையை எடுக்கக் காரம்தான் சரி. சூடு என்றால் மெஷினில் சுடுதண்ணீர். கொத்தமல்லிதான் இடித்தது. ஸ்டோரில் பச்சை நிறத்தில் ஒரு வாசனைத் திரவம் இருக்கும். படித்தவர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று முடிவுசெய்தேன்.

கொதிக்கும் தண்ணீரில் காரத்தைத் தூக்கலாகவே ஊற்றினேன். ஓட்டி முடித்து, பச்சையைத் தெளித்து, காற்றாடி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கம்பளம் காயக் காயப் பூக்கள் நடக்க ஆரம்பித்தன. ஓரத்தில் இருந்த சிவப்பு நடுப்பக்கம் வந்து ரோஸ் ஆனது. பால் நிறம் முதலில் டீயானது, பிறகு காபியானது. கஸ்தூரி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கல்யாண வூட்டு எச்சில் எல மாரி கீதுடி" என்றார். என் கண்ணுக்கு அது எங்கள் எல்லோருடைய வேலையும் கரைந்து ஓடுவதாகத் தெரிந்தது.

பார்த்திபன் சார் வந்தார். கம்பளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஓட்டமாக ஓடிவிடலாமா என்று இருந்தது, ஆனால் ஓடினால் கம்பளத்தை மிதிக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆபீசரிடம் முழு வாக்கியம் பேசினேன்.

"நீங்கதான சார் காரம் தூக்கலா போடச் சொன்னீங்க."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். கேன்டீன் மாஸ்டர் பெயர் செல்வம். என் பெயர் செல்வி. அவருடைய போனில் நாங்கள் ஒருவர் தலைமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தோம்.

"அது கொழம்புக்கும்மா" என்றார். அழுவார் போலிருந்தது.

பிறகு அவருக்கு இன்னொன்று உறைத்தது. கேன்டீனுக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. போட்டது போட்டபடி அங்கே ஓடினார். திருநெல்வேலிக்காரரான செல்வம் அண்ணாச்சி அண்டாவைப் பெருமையோடு திறந்து காட்டி, "பெரிய ஆளு வாராருன்னு நல்ல பழைய புளியாப் போட்டு வத்தக்கொழம்பு வச்சிருக்கேன் சார், எண்ணெய் மெதக்குது பாருங்க" என்றாராம்.

பெரியவர் வந்தார். ரோஸ் கம்பளத்தின்மேல் நின்றுகொண்டே பேசினார், ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய ஆட்களுக்குத் தரை ஏது. மத்தியானம் வத்தக்குழம்பு சாப்பிட்டு முகத்தைச் சுளித்ததோடு சரி.

ஆனால் மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் ஏஜென்சிக்காரர் வந்து என்னைப் போகச் சொல்லப் போகிறார் என்று மாற்றுப் புடவையைக்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். வந்தது பார்த்திபன் சார். யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்.

கம்பளம் ரொம்பப் பழசு, ஆயுசு முடிந்துவிட்டது என்று மேலே சொல்லிவிட்டாராம். எங்கள்மேல் புகார் சொன்னால், யார் போன் செய்தது என்று கேட்பார்கள் அல்லவா. கான்ட்ராக்டில் அவருடைய கையெழுத்தும் விழுந்துவிட்டது.

"போன் விஷயம் வெளிய போகக்கூடாதும்மா. உன்னால பேசாம இருக்க முடியுமா?"

என் ஆயுளில் என் வாயை நம்பி ஒருவர் கேட்ட உதவி அது ஒன்றுதான். "ம்" என்றேன்.

சொன்னபடி நான் மூச்சுவிடவில்லை. ஷிப்ட் பஸ் சிங்கப்பெருமாள் கோவிலை எட்டுவதற்குள் கஸ்தூரி அக்கா பஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். என்னைக் கேன்டீன் துடைக்க மாற்றினார்கள். அங்கே செல்வம் அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வாம்மா, எனக்கு ஏதும் போன் வந்துச்சா?" என்பார். அந்தப் பச்சைத் திரவத்துக்கு இன்றைக்கும் கம்பெனியில் கொத்தமல்லி என்றுதான் பெயர். புதிதாக வரும் பெண்கள் ஸ்டோரில் போய், "ஒரு கேன் கொத்தமல்லி" என்று கேட்கிறார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்பதில்லை. எல்லாம் என் வாரிசுகள்.

அந்த வேலை நிலைத்ததால் மகளின் கல்யாணமும் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையிடம், கூச்சத்தை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, "குழம்பு காரமா வேணுமா, புளிப்பா வேணுமா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. திருதிருவென்று விழித்த மாப்பிள்ளைக்கு மகள் முழுக் கதையையும் பந்தியிலேயே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் போன் செய்தால் எடுத்தவுடன் சொல்வது ஒன்றுதான்: "அத்தை, உங்க மாப்பிள்ளைதான் பேசறேன். சாப்பாட்டப் பத்திதான்."