முள் ஏறினால் டேங்க் காலி

அண்டர்கிரவுண்டைப் போல ஒரு மட்டமான மெக்கானிக் கோலார் தங்கவயலில் இதுவரை பிறந்ததில்லை, இனிப் பிறக்கவும் போவதில்லை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் ஃபிட்டர். மூடியபின் ஸ்கெலட்டன் என்கிற பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஒர்க்‌ஷாப். உடம்புதான் மேலே வந்தது, புத்தி கீழேயே தங்கிவிட்டது. பட்டப்பகலில் டார்ச் அடித்துத்தான் போல்ட்டைத் தேடுவார். டீ வந்தால், "ஷிப்டு முடியட்டும்" என்று ஆறவைத்துவிட்டு, பிறகு டீக்கடைக்காரரைத் திட்டுவார்.

இவரிடம் என் அப்பா விட்டுப்போன மூக்கு லாரியைக் கொண்டுபோனது என் தலையெழுத்து. எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அந்த லாரியால்தான். தகுதிச் சான்றுக்காகக் கோலார் ஆர்.டி.ஓ. அலுவலகம் போனபோது, டீசல் மீட்டரின் முள் செத்துக்கிடப்பதை அதிகாரி பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

"டேங்குக்குள்ள மெதக்கற ப்ளோட்டு ஓட்டையாயி முழுவிப்போச்சு. புது யூனிட்டு போட்டா முள்ளு எழுந்து நிக்கும்" என்றார் அண்டர்கிரவுண்ட்.

அதைச் சரியாகத்தான் சொன்னார். அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். வேறு ஏதோ வண்டியின் யூனிட்டைப் பிடுங்கிவந்தார். திருகு ஓட்டை ஒன்றுகூட ஒத்துவரவில்லை, புதிதாகப் போட்டார். உள்ளே இருந்த கம்பிச்சுருளைக் கழற்றி, முறைத்துப் பார்த்து, தலைகீழாக மாட்டினார். மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் தோண்டியிருந்தால் தங்கமே கிடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் முள் 'ஃபுல்'லில் நிற்கிறது! பரம சந்தோஷத்தோடு பெட்ரோல் பங்கைத் தாண்டிப் பறந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் லாரி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"இன்னாண்ணா இது, ஃபுல்லு காட்டுதே!"

"ஆமா, ஃபுல்லா எறங்கிடுச்சு. பங்க்ல நிறுத்துவேன்னு பாத்தேன், நீ பாட்டுக்கு போய்க்கினே கீறே."

"இன்னாது?"

"மைன்ஸ்ல கீழ எறங்க எறங்க லெவல் நம்பரு ஏறுமா, எறங்குமா? ஏறும். அப்போ டீசல் எறங்கனா முள்ளு ஏறணும். தங்கவயல்ல பொறந்துட்டு இதுகூட தெரியல உனுக்கு!"

அவரையே டேங்கில் ஊற்றி ஓட்டலாமா என்று தோன்றியது. லாரி போய்விடுமே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரோ ஒரு டிராக்டரை மறித்து, ஒரு கேன் டீசல் வாங்கிவந்து ஊற்றினார். பைப்பில் புகுந்த காற்றைக் கைப்பம்பு அடித்து வெளியேற்றினார். அவ்வளவு நேரமும் திட்டு எனக்குத்தான்.

அலுவலகம் மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி சாவியைத் திருப்பினார். அடிமட்டத்தில் கொஞ்சமே டீசல் இருந்த டேங்குக்கு, முள் துள்ளிக் குதித்து உச்சிக்குப் போனது. "பரவாயில்லை, வேலை செய்கிறதே" என்று கன்னடத்தில் சொல்லி முத்திரை குத்திவிட்டார். இதை அண்டர்கிரவுண்டின் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒழுங்காக மாட்டியிருந்தால் நான் ஒழுங்காக டீசல் போட்டிருப்பேன்!

இப்போது அவர் பெங்களூரில், மகள் வீட்டில் இருக்கிறார். பதினான்கு மாடிக் கட்டடம். போன மாதம் போன் செய்து, "நாலாவது லெவல்ல கீறேன், வந்து பாரு" என்றார். லிஃப்டில் ஏறினேன். மேலிருந்து எண்ணி, யோசிக்காமல் பதினொன்றை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் வா என்றுகூடச் சொல்லவில்லை. "முள்ளு கரெக்டா காட்டுதா?"

"காட்டுதுண்ணா."

அதைத் திருப்பி மாட்டித் தருவதாக எத்தனையோ மெக்கானிக்குகள் கேட்டுவிட்டார்கள். ஒருவரையும் நான் தொடவிடவில்லை.