கார்க் கடைக்காரர் விட்ட பெருமூச்சு

மூன்றாவது தடவையும் வரிக் கணக்கு திரும்பி வந்துவிட்டது. ஆர்லன் கணினியை முறைத்த முறைப்பில் அதற்குக் கொஞ்சமாவது வெட்கம் இருந்திருந்தால் அணைந்துபோயிருக்கும்.

மின்சாரக் கார் வாங்கினால் வரியில் ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் சலுகை. சட்டமே சொல்கிறது. கார் வாசலில் நிற்கிறது. பனியில் முட்டி போட்டு, காரில் பொறித்திருந்த அடையாள எண்ணின் பதினேழு எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து நிரப்பியிருக்கிறார். அப்படியும், காரை விற்றவர் வரித்துறைக்குக் கொடுத்த அறிக்கையோடு பொருந்தவில்லையாம்.

"அறுபத்திரண்டு வயசுல என்னைப் பொய்யன்னு சொல்றாங்க."

"சலுகையை விட்டுட்டு அனுப்பிடுங்களேன்," என்றாள் மனைவி லவான், பின்னிக்கொண்டிருந்த காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடுவதா? ஷெபாய்கன் ஊரிலேயே பேரத்துக்குப் பேர்போனவர் ஆர்லன். லவான் ஒரு வருஷமாக மின்சாரக் கார் கேட்டபோது, விலையில் ஏழாயிரம் குறைத்தால் வாங்கலாம் என்றிருந்தார். எந்த மடையன் குறைப்பான் என்ற தைரியம்தான். ஆனால் கார்க் கடைக்காரர் கர்ட் இரண்டு தடவை மறுத்தார், மூன்றாவது தடவை பெருமூச்சு விட்டார், குறைத்துவிட்டார். "ஏழாயிரம்தான் கேட்டேன், பயத்துல மேல ஐந்நூறு சேர்த்துக் குறைச்சான்" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வறுவல் விருந்தில் ஆர்லன் சொல்லிவந்தார். கேட்காதவர்கள் ஊரில் பாக்கியில்லை.

அப்படிப்பட்டவரை ஒரு கணினி ஏமாற்றுவதா? கர்ட்தான் ஏதோ தப்பாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். லவான் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்ததையும் கேட்காமல் கடைக்குப் போய் மேசையைத் தட்டினார்.

கர்ட் அறிக்கையை எடுத்து வைத்தார். வாங்கியவர் லவான். வரிச் சலுகையை அப்போதே கடைக்கு எழுதிக் கொடுத்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டவரும் லவான். கீழே அவள் கையெழுத்து. ஆர்லன் வெளியே டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் போட்டதாம்.

"முந்தின நாளே வந்துட்டாங்க சார். ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்லுங்க, மூணாவது தடவை பெருமூச்சு விட்டுக் குடுத்துடுங்கன்னாங்க. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டுத்தான் வந்தேன்."

வீடு திரும்பிய ஆர்லன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இது மோசடி, துரோகம், முதுகில் குத்துவது என்று வாய் வலிக்கும்வரை பேசினார். லவான் ஊசியைக் கீழே வைத்தாள்.

"நியாயம்தான். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம். விலையைக் குறைச்சது நீங்க இல்ல, அரசாங்கம்னு."

ஆர்லன் கோட்டைக் கழற்றினார்.

அவள் கணினியை இழுத்து, இருவருக்கும் சேர்த்துப் போட்ட அந்தக் கணக்கில், சலுகை ஏற்கெனவே கடைக்கு மாற்றப்பட்டது என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு அனுப்பினாள். காப்பி ஆறுவதற்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதில் வந்துவிட்டது. அதுவும் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விருந்தில் ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், அந்தக் கார்க் கதையைச் சொல்லச் சொன்னார். ஆர்லன் திருட்டுத்தனமாக மனைவியைப் பார்த்தார். லவான் மீனில் எலுமிச்சை பிழிந்துகொண்டே அவர் காதருகே சாய்ந்தாள்.

"சொல்லுங்க. பெருமூச்சு வர்ற இடத்தை மட்டும் நிதானமா சொல்லுங்க. பாவம், கர்ட் அதுக்கு ரொம்ப உழைச்சிருக்காரு."