காப்பியில் தோய்ந்த பழனி வேட்டி

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். விஷயத்தில் என் தகப்பனார் இருக்கிறார்; பழனியாண்டவரும் இருக்கிறார். இருவரும் என்னை மன்னித்திருப்பார்கள் என்ற தைரியம் இப்போதுதான் வந்தது. (தகப்பனார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.)

யுத்தம் வருவதற்கு முன்பு, எனக்குக் கல்யாணமான புதிது. ராசிபுரத்தில் எங்களுக்குத் தறிதான் ஜீவனம். என் சம்சாரம் ராசம்மாவின் அப்பா ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவள் காப்பி குடித்தே வளர்ந்தவள். எங்கள் வீட்டிலோ காப்பி என்றால் கள்ளுக்குத் தம்பி.

“அந்தக் கருப்புத் தண்ணி வாசம் என்ற ஊட்டு அடுப்புல வந்துச்சுன்னா, அடுப்பையே இடிச்சுப் போடுவேன்” என்று அப்பா சொல்லியிருந்தார்.

காப்பி இல்லாமல் அவளுக்குத் தீராத தலைவலி. நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நூல் சுற்றுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. யோசித்தேன். (நான் யோசித்தால் வீட்டில் எல்லோருக்கும் பயம்.) காய்ச்சினால்தானே வாசம்? பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால்?

அவள் பிறந்த வீட்டுக் காப்பித்தூளை ஒரு மண்சட்டியில் ஊறவைத்து, சாயக் கொட்டகையில் ஒளித்தேன். இத்தனை சாயச் சட்டிகளுக்கு நடுவே இதை எவன் கண்டுபிடிப்பான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலையில் ருசி பார்த்தேன். ஜில்லென்று, அமிர்தம்! “மத்தியானம் டம்ளர் எடுத்துட்டுக் கொட்டாயிக்கு வா புள்ளை” என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

ஒன்றை மறந்துபோனேன். அடுத்த நாள் விடிந்ததும் அப்பா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார். அதற்குக் கட்டும் வேட்டியை அவரே நெய்து, காவிக்கல் கரைத்த தண்ணீரில் அவரே தோய்ப்பார். வேறு கை படக்கூடாது. காவிச் சட்டியும் அதே கொட்டகையில்தான் இருந்தது.

மத்தியானம் நாங்கள் போனபோது, அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். என் சட்டியில்!

“ஏஞ்சாமி, டம்ளரோட வாரே?” என்று அவளைக் கேட்டார். “காவிக்கல்லு இந்த வருசம் சரியில்ல. திப்பி திப்பியா ஒட்டுது பாரு.”

நான் வீரமாகத் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ராசம்மா போகவில்லை.

“மாமா, அது காவி இல்லீங்க, காப்பிங்க. என்ற தலைவலிக்கு அவரு ஊற வெச்சதுங்க. சாமி வேட்டியில பொய் சொல்லமாட்டனுங்க.”

வேறு வேட்டி நெய்ய நேரமில்லை. வேண்டுதல் தவறினால் அந்தப் பழி அவள் தலையில் விழும். பிறந்த வீட்டுக்கு வண்டி கட்டிவிடுவார்கள்.

அப்பா கேட்டது ஒரே கேள்விதான். “இதுல யாராச்சும் வாய் வெச்சீங்களா?” எச்சில் பட்டிருந்தால் அந்தத் துணி சாமிக்கு ஆகாது.

தூணை விட்டு வெளியே வந்தேன். “ருசி பாத்தனுங்கப்பா. ஆனா கரண்டியில மொண்டு அண்ணாந்துதானுங்க ஊத்திக்கிட்டேன்.”

“எங்கே, செஞ்சு காட்டு.”

டம்ளரில் மொண்டு அண்ணாந்தேன். கொஞ்சம் கண்ணுக்குள், கொஞ்சம் மூக்குக்குள், மிச்சமெல்லாம் காது வழியாக முதுகுக்குப் போயிற்று.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நம்பறேன். இவன் ஊத்துற ஊத்துக்கு எச்சில் எங்கே படும்? வாய்க்குள்ள ஒரு சொட்டுப் போவலையே!”

பிறகு வேட்டியை உதறி வெயிலில் விரித்தார். “மலையில வெளஞ்சதுதானே. அவனும் மலைமேல நிக்கறவன். வேண்டாம்னு சொல்லமாட்டான்.” ராசம்மா பக்கம் திரும்பினார். “உள்ளதைச் சொன்னே பாரு சாமி. இனி அடுப்புலயே காய்ச்சிக் குடி. இவன்கிட்ட மட்டும் குடுக்காதே, துணிக்குத்தான் ஆவும்.”

மறுநாள் அந்த வேட்டியோடுதான் நடந்தார். வெயில் ஏற ஏற மணந்ததாம். கூட வந்தவர்கள், “ஏனுங்க, பக்கத்துல காப்பிக் கிளப்பு இருக்குதுங்களா?” என்று வழி நெடுகக் கேட்டார்களாம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் காப்பி கேட்டாலும், “குடிக்கவா, நனைக்கவா?” என்றுதான் பதில் வரும். புது மாப்பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள்.

பழனியிலிருந்து திரும்பியதும் அப்பா காப்பி குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அது பொய். கடைசிவரை அவர் நாக்கில் காப்பி பட்டதில்லை. இடுப்பில் பட்டதோடு சரி. நீங்கள் யாருக்காவது சொல்வதானால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முருகன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.