பத்துக்குப் பத்து அருங்காட்சியகம்

வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்துவிடுவது என்று கமா முடிவெடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு. முன்னறையைக் காலி செய்யச் சொல்லி அவர் மனைவி உத்தரவு போட்டது அதே ஞாயிறு காலை பத்து மணிக்கு. இடைப்பட்ட கால் மணி நேரமும் மனிதர் சும்மா இருக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கமா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, அச்சகம் வைத்தது. அங்கே அவருக்கு உரக்கப் படிக்கும் வேலை. கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு இவர் படிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சான தாளைப் பார்த்துப் பிழை திருத்துவார். எழுத்து மட்டுமல்ல, புள்ளியும் குறியும்கூட விட்டுப்போகக் கூடாது. அதனால் "அவன் வந்தான் கமா உட்கார்ந்தான் கமா அழுதான் முற்றுப்புள்ளி" என்றுதான் படிப்பார். இருபத்தொரு வருஷமாக இப்படிப் படித்துப் படித்து, கண்ணில் பட்டது வாய் வழியாக அப்படியே வெளியே போய்விடும். புத்திப் பக்கம் திரும்புவதே இல்லை. ஒரு தடவை அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை எல்லோர் முன்னாலும் கணீரென்று படித்து முடித்துவிட்டு, "யாருக்குப்பா கிடங்குக்கு மாற்றல்?" என்று கேட்டார். மாற்றல் அவருக்குத்தான். கெஞ்சிக் கூத்தாடி அதை ரத்து செய்ய வைத்தார்.

அவர் மனைவி தையல்காரர். தெருவே அவரை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராது.

"ஏங்க, அடுத்த மாசத்துலேர்ந்து முன் ரூம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"தைக்க."

"இப்ப எங்க தைக்கற?"

"இருபது வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க? சாப்பாட்டு மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவுல. அளவெடுக்க வர்றவங்கள ஃப்ரிட்ஜ் பக்கத்துல நிக்க வெக்கறேன். நேத்து ஒரு அம்மா கையத் தூக்குனாங்க, மேல இருந்த சர்க்கரை டப்பா தலையில கவுந்துடுச்சு."

"டப்பான்னதும் ஞாபகம் வருது. தகர டப்பா எப்ப வந்துச்சு தெரியுமா? ஆயிரத்து எண்ணூத்திப் பத்து. அதத் திறக்கறதுக்குன்னு ஒரு கருவி வர்றதுக்கு அதுக்கப்புறம் கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஆச்சு! நடுவுல எல்லாரும் உளியும் சுத்தியலும் வெச்சு உடைச்சாங்க."

"டப்பாவக் கண்டுபிடிச்சது ஆம்பளையா?"

"ஆமா."

"அதான். மூடுனதோட தன் வேலை முடிஞ்சுதுன்னு போயிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள ரூமக் காலி பண்ணிடுங்க."

இங்கே அந்த முன்னறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்துக்குப் பத்து. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் அங்கேதான். தெருவைப் பார்த்துத் தனிக் கதவும் உண்டு. அதற்குள் கமா குவித்து வைத்திருந்தவை: துருப்பிடித்த தகர டப்பா பதினொன்று, இஸ்திரிப் பெட்டி ஏழு, கம்பியில்லாத ஒரு தொலைபேசி, நாலு எழுத்து உதிர்ந்துபோன ஒரு டைப்ரைட்டர், துணி மாட்டும் கிளிப் ஒரு மூட்டை, தீப்பெட்டி, தபால்தலை, ஊக்கு, பின்னால் ரப்பர் வைத்த பென்சில். எல்லாம் பழைய சாமான் கடையில் பொறுக்கியவை. பொருள் ஒன்றும் அவ்வளவு பழசில்லை, அவற்றின் கதைதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை. அந்தக் கதைகள் அத்தனையும் கமாவுக்கு அத்துப்படி. அச்சகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற மனிதருக்குச் சொந்தமாகப் பேச இருந்த ஒரே இடம் அந்த அறை. அதை விட்டுக்கொடுப்பதாவது!

மாடி வீட்டு எலக்ட்ரீஷியனைப் பிடித்தார்.

"தம்பி, வீட்டுச் சாமான்னா எடுன்னு சொல்லலாம். அருங்காட்சியகத்த எடுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

"எந்த அருங்காட்சியகம் சார்?"

"என்னோடது. அடுத்த ஞாயித்துக்கெழம திறப்பு விழா. தெரு முழுக்கக் கூப்பிட்டு, மேடை போட்டு, நான் பேசப் போறேன். அதுக்கப்புறம் அந்த ரூம்ல ஒரு ஊசிய நகத்தணும்னாலும் ஊரே கேள்வி கேக்கும்."

"அக்கா ஒத்துக்குவாங்களா?"

"அவளுக்கு விஷயம் புரியறதுக்குள்ள விழா முடிஞ்சிடும்."

எலக்ட்ரீஷியன் சட்டென்று ஏணியில் ஏறிவிட்டார். கல்யாணமானவர்.

மனைவியிடம் சொல்லும்போது கமா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இடி விழும் என்று எதிர்பார்த்தார். மனைவியோ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நல்ல யோசனைங்க" என்றார். அத்தோடு விடாமல், "தலைமைக்குப் பொண்ணுங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸக் கூப்பிடட்டுமா? எங்கிட்டதான் தைக்கறாங்க. நான் கூப்ட்டா வருவாங்க" என்றார். கமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை சுலபமாகக் கவிழ்த்துவிட்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். பாவம்.

அடுத்த நாலு நாளும் பேச்சு எழுதினார். பதினாறு பக்கம். பிழை திருத்தும் இடத்தில் வேலை பார்ப்பவரின் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அடித்தல், அம்புக்குறி, ஓரத்தில் செருகல், செருகலுக்குள் செருகல்.

"இத நீங்களே படிக்க முடியாது" என்றார் மனைவி. "சொல்லுங்க, நான் நல்ல தாள்ல எழுதித் தர்றேன்."

ஒரு சாயங்காலம் முழுக்கக் கமா சொல்ல, மனைவி எழுதினார். காகிதப் பையின் கதை வந்ததும் பேனா நின்றது.

"இதென்ன, பையக் கண்டுபிடிச்சது ஒரு பொம்பளையா?"

"ஆமா. அடி தட்டையா நிக்கற பையைச் செய்ய ஒரு மெஷின் கண்டுபிடிச்சா. ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போயி தன் பேருல பதிஞ்சுக்கப் பாத்தான். கோர்ட்டுக்குப் போயிட்டா."

"ஜெயிச்சாளா?"

"ஜெயிச்சா. தன் கையால வரைஞ்ச படத்தையெல்லாம் கொண்டுபோயிக் காட்டுனா."

"ம். எழுத்துல இருக்கறதுதான் நிக்கும், இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் மேலே எழுதினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பை, தன் பேச்சின் நயத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று கமா எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை தாள்கள் கைக்கு வந்தன. முத்து முத்தான எழுத்து.

"ஒரு தடவ முழுசா படிச்சுப் பாத்துடுங்க."

"படிக்காம இருப்பேனா? என் தொழிலாச்சே!"

படித்தார். பேனாவும் கையுமாக, வரி வரியாக. கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு, பக்கத்தில் திருப்தியாக ஒரு டிக் போட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் அறையில் நிரம்பி, கதவு வழியாகத் தெருவில் வழிந்தது. மருந்துக்கடைக்காரர், தபால்காரர், பேக்கரி அம்மா, டெய்லரம்மாவின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியை. கமா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு எழுந்தார்.

நன்றாகவே பேசினார், அதில் சந்தேகமில்லை. ஒரு மருந்தாளர் குச்சியால் கலவையைக் கிண்டிவிட்டு அந்தக் குச்சியைத் தரையில் உரசப் போய் நெருப்பு பிடித்ததில் தீக்குச்சி பிறந்த கதையைச் சொன்னபோது, மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தபால்தலைகளுக்கு ஓரத்தில் துளையே கிடையாது, கத்தரியால்தான் வெட்டினார்கள் என்றபோது தபால்காரர் கைதட்டினார். தொலைபேசியை எடுத்ததும் ஹலோ சொல்வதா வேறு ஏதாவது சொல்வதா என்று பெரிய மூளைகளே சண்டை போட்டன என்றபோது சிரிப்பு கூரையைத் தொட்டது. சனிக்கிழமை அரை நாள் விடுப்பு என்கிற வழக்கமே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளி போராடிப் பெற்றது, அதை உயிர்போனாலும் விடக்கூடாது என்று முழங்கியபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. இருபத்தொரு வருஷத்தில் அவர் படித்ததற்கு யாரும் கைதட்டியதில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த நிறைவோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். உற்சாகத்தில் அச்சகம் நாக்கில் ஏறிக்கொண்டது.

"புதிய பத்தி. ஆகவே கமா இந்தப் பொருள்கள் ஓர் அறைக்குள் அடைந்து கிடப்பது நியாயமில்லை முற்றுப்புள்ளி இவை அனைத்தையும் நம் பெண்கள் பள்ளிக்குக் கொடுக்கிறேன் முற்றுப்புள்ளி சனிக்கிழமை மதியம்தோறும் நானே வந்து மாணவிகளுக்கு விளக்குவேன் முற்றுப்புள்ளி வண்டி வாசலில் நிற்கிறது முற்றுப்புள்ளி காலியாகும் இந்த அறையில் கமா நாளை முதல் என் மனைவியின் தையலகம் இயங்கும் ஆச்சரியக்குறி!"

ஆச்சரியக்குறியைக் கையை உயர்த்திச் சொன்னார். கைதட்டல் அடங்கவே இல்லை. கமாவும் சேர்ந்து தட்டினார். அர்த்தம் அவருக்கு எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும். அது வந்து சேர்ந்தபோது தலைமையாசிரியை அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க பிள்ளைங்களுக்கு இதெல்லாம் புத்தகத்துல படமாத்தான் காட்டிக்கிட்டு இருந்தோம். இனி கையால தொட்டுப் பாப்பாங்க. உங்க மனசு யாருக்கு வரும்!"

"இல்லங்கம்மா… அது வந்து… அந்தப் பத்தி…"

"அந்தப் பத்தியிலதான் சார் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அழுத பெண்மணியிடம் என்னவென்று சொல்வது? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் முன்னால் சொன்னதை யாராலும் மாற்ற முடியாது என்பது அவருடைய சொந்தத் திட்டம். வாசலில் பள்ளி வண்டி நிஜமாகவே நின்றது. அதில் வந்திருந்த ஆசிரியைகள் ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார்கள். தபால்காரர் டைப்ரைட்டரைச் சுமந்தார். எலக்ட்ரீஷியன் கிளிப் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கமாவின் கண்ணைப் பார்க்காமலே நடந்தார். கடைசி டப்பாவும் ஏறியபோது கமாவின் நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

கூட்டம் கலைந்தது. காலி அறையில் மனைவி நாடாவைப் பிடித்து ஜன்னலிலிருந்து சுவருக்கு அளந்துகொண்டிருந்தார்.

"இது அநியாயம்!"

"எதுங்க?"

"நான் சொல்லாதத எழுதியிருக்க!"

"சொல்லாததையா படிச்சீங்க?"

"படிச்சது… நான் படிச்சது வேற விஷயம். எங்கிட்டக் காட்டாம…"

"காலையில காட்டுனேனே. நீங்கதான் முழுசா படிச்சீங்க." கடைசிப் பக்கத்தை எடுத்து நீட்டினார். "'பள்ளிக்கு'க்குப் பக்கத்துல ஒரு 'க்' விட்டிருந்தேன். அதச் சேத்தது யாரு கையெழுத்து? இந்த டிக்கு?"

கமா தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய 'க்' அழகாகத்தான் இருந்தது.

"சனிக்கிழமையக்கூட விட்டு வெக்கலியே நீ" என்றார்.

"நாப்பது பொண்ணுங்க உக்காந்து நீங்க பேசறதக் கேக்கப் போகுது. இங்க நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுவும் காது அடுப்புப் பக்கம், கண்ணு ஊசிப் பக்கம்."

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் கமாவுக்குத் தாங்கவில்லை. நாற்பது பேர் என்றதும் உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. ஆனாலும் ஓர் ஆண்பிள்ளை முழுசாகத் தோற்றுவிட முடியுமா? ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கடைக்குப் போர்டுன்னு ஒண்ணு வெப்பேல்ல? அதுக்கான வாசகம் என்னோடதா இருக்கணும். தையல் மெஷினோட வரலாறு. இந்த ரூம்ல என் எழுத்து ஏதாவது ஒண்ணு இருந்தாகணும்."

"தாராளமா எழுதிக் குடுங்க. நல்ல கெட்டித் தாளா பாத்து எழுதுங்க."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து தையல் இயந்திரங்களை அடித்து நொறுக்கியதில் தொடங்கி, வீட்டுக்கு வீடு அந்த இயந்திரம் வந்து சேர்ந்ததுவரை, அடித்தல் திருத்தல் இல்லாமல் நாலு பெரிய பக்கம். இந்த முறை எழுத்தை மட்டுமல்ல, அர்த்தத்தையும் சேர்த்து மூன்று தடவை படித்துப் பார்த்தார். யாரும் எதையும் நடுவில் நுழைக்க முடியாதபடி வரிக்கு வரி இடைவெளியை நெருக்கினார். கொண்டுபோய் மனைவி கையில் பெருமையோடு கொடுத்துவிட்டு அச்சகத்துக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தார். கதவுக்கு மேல் பளபளவென்று ஒரு போர்டு. 'தையலகம்' என்ற ஒரே வார்த்தை. உள்ளே ஓடினார். ஜன்னல் வெளிச்சத்தில் தையல் இயந்திரம் மின்னியது. மேஜைமேல் பூப்போட்ட துணி விரிந்திருந்தது. அதன்மேல், துணியை வெட்டுவதற்கு முன் அளவு பார்க்கத் தாளில் வெட்டிக்கொள்ளும் மாதிரி வடிவம் ஒன்று குண்டூசி குத்திக் கிடந்தது. அந்தத் தாளில் நொறுங்கிய இயந்திரங்கள் தெரிந்தன, கோபக்காரத் தையல்காரர்கள் தெரிந்தார்கள், ஓரத்தில் பாதி முற்றுப்புள்ளி தெரிந்தது.

"என் வரலாறு!" என்று அலறினார் கமா.

மனைவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அன்போடு திரும்பினார்.

"அருமையான தாளுங்க. நாலு பக்கத்துல ஒரு முழுக்கை கச்சிதமா வந்துடுச்சு. கழுத்துக்கு இன்னும் ரெண்டு பக்கம் எழுதித் தர்றீங்களா?"