மைனஸ் தொண்ணூறு சாரும் ஷாக் அடிக்கும் திருக்கையும்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ரகசியம் என்கிற வஸ்து தங்காத ஒரே வயிறு மைனஸ் தொண்ணூறு சாருடையது. ஓட்டைப் பானையில்கூடத் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு வெச்சிருக்கிறவன்தான்டா உயிரோட கீறான்" என்று தினமும் எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் இதே மனிதர்தான்.

எழுபதுகளின் நடுவில், பி.யூ.சி.யில் கோட்டை விட்டவர்களைக் கரையேற்றுவதாகச் சொல்லி, ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் டுடோரியல் ஒன்று நடந்தது. கரையேற வந்தவர்களில் நானும் ஒருவன். விலங்கியல் வாத்தியார் இவர். என்னைச் சேர்க்க வந்த அப்பாவிடமே, "இவன் மூஞ்சில பாஸ் களையே இல்ல சார், வீணா அலையாதீங்க" என்று சொல்லி வரவேற்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கும் அதே அபிப்பிராயம்தான் என்று தெரிந்தது.

தசைச் செல்லில் இருக்கும் மின்சாரத்தைப் பற்றிப் புத்தகத்தில் இருந்தது கால் பக்கம். மனிதர் ஜூலையில் அதற்குள் நுழைந்தார். பொங்கல் வரை வெளியே வரவில்லை.

"நல்லா கேட்டுக்க. செல்லு ஒரு வூடு. உள்ள பொட்டாசியம் கூட்டம், வெளிய தெருவுல சோடியம் கூட்டம். செவுத்துல ஒரு சந்து கீது, பொட்டாசியம் மட்டும் பூந்து போற சைஸு. நெரிசல் தாங்காம அது வெளிய ஓடுது. ஓடறப்ப தன் பிளஸ்ஸையும் தூக்கினு ஓடுது. உள்ள இன்னா மிஞ்சும்?"

"மைனஸ் சார்!"

"அந்த மைனஸு, சட்டையப் புடிச்சி இழுக்கிற பொண்டாட்டி மாதிரி அத்த உள்ள இழுக்கும். ஓடறவன் வேகமும் இழுக்கிறவ பிடியும் சரிக்குச் சரி நிக்குது பார், அதான் மைனஸ் தொண்ணூறு மில்லிவோல்ட்! ஒரு உசுப்பு உசுப்பினா கதவு தொறந்துக்கும். சோடியம் குபீர்னு உள்ள பாயும், சதை துடிக்கும். உள்ளயும் வெளியயும் ஒண்ணாயிட்டா? ஆளு குளோஸ்!"

மண்புழு, கரப்பான், புறா எல்லாம் பாடத்திட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன.

எங்கள் கரஸ்பாண்டெண்ட் அடிப்படையில் அரிசி மண்டி முதலாளி. கல்வி அவருக்குச் சைடு வியாபாரம். அவருடைய மாமனார் காலமானபோது எல்லோரும் துக்கத்துக்குப் போனோம். சார் பிணத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இனிமே உள்ள, வெளிய, வித்தியாசமே இல்ல. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு" என்றார். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட வேதாந்தம்!" என்று கும்பிட்டார். அத்தோடு விட்டிருந்தால் மனிதர் அன்றே சாமியாராகிப் பிழைத்திருப்பார். "வேதாந்தம் இல்லீங்க, பொட்டாசியம்" என்று ஆரம்பித்து, சதை எப்போது விறைக்கும், எப்போது தளரும் என்று விளக்கினார். மருமகன் என்ற முறையில் கரஸ்பாண்டெண்ட்தான் அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இப்படி உண்மை பேசியே இரண்டு இடங்களில் வேலையைத் தொலைத்தவர் அவர். இதுவும் போனால் சதுரங்கப்பட்டினத்தில் அண்ணனோடு கட்டுமரம் ஏறுவதுதான் பாக்கி. அலையைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் செம்படவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க, கரஸ்பாண்டெண்ட் ஒரு கண்காட்சி வைத்தார். அண்ணன் வலையில் சிக்கிய ஷாக் அடிக்கும் திருக்கை ஒன்றை, கடல் தண்ணீர் நிரப்பிய பெரிய பக்கெட்டில் சார் உயிரோடு கொண்டுவந்தார். காலையிலேயே கரஸ்பாண்டெண்ட் அவரைத் தனியாக அழைத்தார். தனியாக என்றால், நாங்கள் நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்த இடத்தில்.

"யாராவது போன வருஷ ரிசல்ட்டைக் கேட்டா, எல்லாரும் பாஸ்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, நாளைக்கு நீ இங்க வர வேண்டாம். தினம் சொல்றியே, உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னு? இன்னிக்கு ஒரு நாள் இருந்து காட்டு!"

சார் தலையாட்டினார். அன்று முழுக்க "எல்லாரும் பாஸ், எல்லாரும் பாஸ்" என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பெற்றோர் கூட்டம். "நம்ம சதைல கீற அதே கரண்டுதான். இந்த மீனு அந்த மாதிரி செல்ல டார்ச் லைட் பேட்டரிக் கட்டை கணக்கா அடுக்கி வெச்சிகினு கீது" என்று சொல்லிக்கொண்டே பக்கெட்டுக்குள் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து, கடப்பாக்கத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவர் எழுந்தார்.

"மீனு கெடக்கட்டும் அண்ணாத்த. போன வருசம் எத்தினி பேரு பாஸு?"

"எல்லா..." என்று சார் ஆரம்பித்ததும், திருக்கை அடித்தது ஒரு ஷாக்.

"அய்யோ! ஒருத்தனும் இல்ல! மொத்தமும் ஃபெயிலு! பாடம் எடுத்தது நான்தான்!"

கூட்டம் கலைந்த வேகத்தில் செருப்புகள் ஜோடி மாறின. கரஸ்பாண்டெண்ட் வாசலைக் காட்டினார். சார் மரத்துப் போன கையை உதறியபடி, "கதவு தொறந்துகிச்சுடா" என்றார் எங்களிடம். அந்த நிலைமையிலும் பாடம்தான்.

"பாவம், மீன அது வூட்ல விடணும்" என்று அவர் பக்கெட்டைத் தூக்க, ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை.

"இன்னா சார் பக்கெட்டுல?" என்றார் கண்டக்டர்.

வேறு யாராக இருந்தாலும் தண்ணீர் என்று சொல்லியிருப்பார்கள்.

"ஷாக் அடிக்கிற மீனு. தொட்டா கை மரத்துப் பூடும்."

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பாதி பஸ் எங்களுக்கே சொந்தமாகிவிட்டது.

சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டையைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி மீனை விட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. நாளை முதல் தான் ஏறப்போகும் அலைகளை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதே முகம் வெளிறியிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. ஆறுதல் சொல்லத் தெரியாமல் என்னைப் பற்றியே கேட்டேன்.

"இனிமே நான் பாஸ் பண்ணுவேனா சார்?"

திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். எதுவோ ஒன்று தொண்டைவரை வந்து, அப்படியே உள்ளேயே நின்றுவிட்டது. அவரிடம் ஒரு விஷயம் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உனக்கு இன்னாடா கொறச்சல்? கண்ண மூடினு பாஸ் பண்ணிடுவ."

பரீட்சை எழுதினேன். ஃபெயில். பிறகு எவ்வளவோ பேர் என்னிடம் எவ்வளவோ உண்மைகளைச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் ஒழுகிப் போய்விட்டன. அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் இன்னும் உள்ளே வைத்திருக்கிறேன்.